காரணம் சொல்லாத பேய்க்கதை

தனுஷ்கோடியில் இரவில் பேய் நடமாடுகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நள்ளிரவில் ரயில் ஓடும் சத்தம் கேட்கிறதாம். இடிந்த தேவாலயத்துக்குள்ளிருந்து பெண்ணின் அழுகுரல் வருகிறதாம். பொழுது சாய்ந்த பிறகு அங்கே தங்கியவர் திரும்பி வந்ததில்லையாம். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் 1964ல் அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், "புயல் வந்து ஊர் அழிஞ்சுபோச்சு" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை. பேய் தெரிகிறது, புயல் தெரியவில்லை. இது சரி செய்யப்பட வேண்டிய குறை.

அந்தமானில் இருக்கும் தமிழர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. தனுஷ்கோடியை அழித்த புயல் பிறந்தது இந்தக் கடலில்தான். 1964 டிசம்பர் 17ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில், பூமத்திய ரேகைக்கு மிக அருகே, ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. 19ஆம் தேதிக்குள் அது கடும் புயலாக வலுத்தது. 21ஆம் தேதிக்குப் பிறகு ஏறக்குறைய நேர்கோட்டில் மேற்கே விரைந்தது. 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியில் கரையேறியது. பிறந்த நாளிலிருந்து கொன்ற இரவு வரை ஐந்து நாள்.

போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில், கடல் சரியில்லை என்று ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கான கப்பலை நிறுத்திவைக்கும் நாட்களில் டிக்கெட் கவுன்டர் முன்னால் கூட்டம் முணுமுணுக்கும். மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் இருப்பார், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் இருப்பார். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் "இன்று கப்பல் கிடையாது" என்று ஒருவர் நேரத்தோடு சொல்லிவிடுவது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதைத் தனுஷ்கோடியின் கடைசி ரயிலில் இருந்தவர்களை நினைத்தால்தான் புரியும்.

முதலில் ஊரைப் பற்றி. இன்று மணல்திட்டாகக் கிடக்கும் தனுஷ்கோடி, ரயிலுக்காகவே வளர்ந்த ஊர். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னை எழும்பூரிலிருந்து புறப்படும் போட் மெயில் நேரே தனுஷ்கோடி வரை வந்தது. பயணிகள் இறங்கி, காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னார் போவார்கள். அங்கே இன்னொரு ரயில் கொழும்புக்குக் காத்திருக்கும். எழும்பூரிலிருந்து கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டு. இந்த ஏற்பாட்டைச் சுற்றி ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம், ரயில்வே குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எழுந்தன. கருவாட்டு மூட்டைகள் போயின, வியாபாரிகள் போனார்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டப்பட்ட கூலித் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டுப் பிறகு இந்த வழியே போனார்கள். இறங்கி ஏறும் கூட்டத்தால் சோறு தின்ற ஊர் அது.

1964 டிசம்பர் 22 இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. ஆறு பெட்டிகள். பதிவான கணக்கில் 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள் என்பதால் உண்மையான எண்ணிக்கை இன்னும் கூடுதல் என்று சொல்பவர்கள் உண்டு. தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழுந்து வந்து ரயில் முழுவதையும் அடித்துச் சென்றது. அதிலிருந்த ஒருவர்கூட மீளவில்லை. அலையின் உயரம் ஏழு மீட்டர் அளவுக்கு இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஊருக்குள் வீடுகள், படகுகள், கப்பல்துறை எல்லாம் போயின. தந்தி, தொலைபேசிக் கம்பிகள் அறுந்ததால், ஒரு ரயில் காணாமல் போன செய்தியே வெளியுலகுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த நிகழ்ச்சியை வைத்துச் சொல்லப்படும் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். ரயிலுக்குள் அந்தக் கடைசி நிமிடங்களில் யார் என்ன பேசினார், குழந்தை எப்படி அழுதது, ஓட்டுநர் என்ன முடிவெடுத்தார் என்றெல்லாம் வசனத்தோடு சொல்வார்கள். உள்ளே இருந்த யாரும் உயிரோடு திரும்பாதபோது அந்த வசனங்களைச் சொல்லியிருக்கக்கூடியவர் யார்? கேட்டவர் மனம் தாங்காமல் இட்டு நிரப்பிய இடங்கள் அவை. அப்படி நிரப்புவது மனித இயல்புதான், பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் இட்டு நிரப்பியது எது, பதிவில் உள்ளது எது என்று பிரித்துச் சொல்லும் கடமை கதை சொல்கிறவருக்கு உண்டு.

இரவில் கேட்கும் சத்தத்துக்கு வருவோம். தனுஷ்கோடி இரண்டு கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மெல்லிய மணல்நிலம். ஒரு பக்கம் பாக் நீரிணையின் அமைதியான நீர், மறுபக்கம் மன்னார் வளைகுடாவின் கொந்தளிப்பு. உள்ளூர் மீனவர்கள் முதலாவதைப் பெண் கடல் என்றும் இரண்டாவதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பருவத்துக்குப் பருவம் காற்று திசை மாறும்போது ஆண் பெண் இடம் மாறிக்கொள்ளும். தடுக்க மரமோ கட்டடமோ இல்லாத வெளியில், கூரை இழந்த சுவர்களுக்கிடையே காற்று நுழைந்தால் பல குரலில் ஒலிக்கத்தான் செய்யும். கடலில் தெரியும் ஒளி இரவு மீன்பிடிக்குப் போகும் படகுகளுடையது. மணல் விலகும் காலங்களில் பழைய தண்டவாளத் துண்டுகள் வெளியே தெரிவதும், மறுபடி மூடிக்கொள்வதும் உண்மை. நேற்றுப் பார்த்த தண்டவாளம் இன்று காணோம் என்றால் பார்த்தவருக்குத் திக்கென்றுதான் இருக்கும். அதைச் செய்தது மணலும் காற்றும்.

"பேய் பயம் இல்லாவிட்டால் போலீஸ் ஏன் சாயங்காலமே எல்லோரையும் அனுப்பிவிடுகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விளக்கு இல்லாத நிலம், குளிப்பவரை இழுத்துச் செல்லும் நீரோட்டம், கூப்பிடு தூரத்தில் கடல் எல்லை, அந்த எல்லையைத் தாண்டி நடக்கும் கடத்தல். இத்தனையும் இருக்கும் இடத்தில் இருட்டியபின் சுற்றுலாப் பயணிகளை விடாமல் இருப்பது சாதாரண நிர்வாகம். 2017ல் தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனை வரை தேசிய நெடுஞ்சாலை திறக்கப்படுவதற்கு முன், மணலிலும் தண்ணீரிலும் ஓடும் வேன்களில்தான் போய் வர முடிந்தது. அந்த வேன்கள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பியாக வேண்டும். இருட்டுக்குள் போகாதே என்ற விதியைப் பார்த்தவர்கள் இருட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டார்கள்.

அடுத்தது, ஊர் ஏன் மறுபடி எழவில்லை என்ற கேள்வி. இங்கேதான் பேய்க்கதை மிகப் பெரிய தீங்கைச் செய்கிறது. அதே புயலில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. அதைச் சரிசெய்யும் பொறுப்பு அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனிடம் கொடுக்கப்பட்டது. மூன்று மாதக் கெடு வைத்தார்கள். கடலில் மூழ்கிய கர்டர்களை மீட்டுப் பொருத்தி 46 நாளில் ரயிலை ஓடவைத்தார் அவர். ஆக, பாலம் திரும்பி வந்தது, ராமேஸ்வரத்துக்கு ரயிலும் திரும்பி வந்தது. தனுஷ்கோடிக்குப் போன கிளை மட்டும் திரும்பவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. கப்பல்துறை இல்லாத இடத்துக்குத் தண்டவாளம் போட ரயில்வேக்குத் தேவை இருக்கவில்லை. இலங்கைக் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே புறப்பட்டது. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30ல், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி இலங்கையிலிருந்த 5,25,000 இந்திய வம்சாவளித் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். போவதும் வருவதுமாக இருந்த பாதை, பெரும்பாலும் திரும்பி வருவதற்கான பாதையாகிவிட்டது. 1980களின் நடுவில் இலங்கைப் போர் அந்தக் கப்பலையும் நிறுத்தியது. தனுஷ்கோடியைக் காலியாக வைத்தவை இவை: ஒரு நிர்வாக முடிவு, ஒரு ஒப்பந்தம், ஒரு போர். ஆவி பிடித்ததால் ஊர் எழவில்லை என்று சொன்னால், இந்த மூன்றைப் பற்றியும் யாரும் பேச வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

ஒப்பந்தத்தின்படி கப்பல் ஏறி வந்த இலங்கை மலையகத் தமிழ்க் குடும்பங்களில் சில, 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளில் கச்சாலும் ஒன்று. அந்தமான் நிக்கோபார் தமிழர்களின் நினைவில் கடல் எப்படிப்பட்ட இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தனுஷ்கோடி முழுக்கக் காலி என்பதும் பொய். புயலுக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே திரும்பின. கம்பிப்பாடு, பாலம் போன்ற குடியிருப்புகளில் ஓலைக் குடிசைகளில் பல பத்தாண்டுகள் மின்சாரம் இல்லாமலே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் குடிதண்ணீர் எடுக்கும் விதத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் கையாலேயே பள்ளம் தோண்டுவார்கள். சிறிது ஆழத்தில் தண்ணீர் ஊறும். சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, அந்த ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் பதத்தில் இருக்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கும்போது, தன்னைவிட அடர்த்தியான உப்புநீரின் மேல் படலமாகத் தங்கிவிடுகிறது. அதுதான் காரணம். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் படலம் உடைந்து உப்பு ஏறிவிடும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பது அங்குள்ள பெண்களுக்குத் தெரியும். இப்படி ஒரு அறிவோடு வாழ்கிறவர்களின் ஊரை "பேய் மட்டுமே வாழும் ஊர்" என்று படம் பிடித்துக் காட்டுவது, அவர்களை இல்லாதவர்களாக ஆக்கும் செயல். ஆளே இல்லாத ஊருக்கு மின்கம்பம் எதற்கு, மருத்துவமனை எதற்கு, பட்டா எதற்கு என்று கேட்பது எளிதாகிவிடும்.

அந்தமானிலேயே இதற்கு இணையான ஓர் இடம் உண்டு. போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவு, இப்போதைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, 1858 முதல் ஆங்கிலேயரின் தண்டனைக் குடியேற்றத்துக்குத் தலைமையிடமாக இருந்தது. இன்று ஆல மர வேர்கள் அங்குள்ள சுவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்ததும் அமானுஷ்யக் கதை கட்டத் தோன்றும். நடந்தது என்னவென்றால், 1941 ஜூன் 26ல் வந்த பெரும் நிலநடுக்கம் கட்டடங்களைச் சிதைத்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை வந்தது. போர் முடிந்ததும் தண்டனைக் குடியேற்றமே ஒழிக்கப்பட்டது. திரும்பி வந்து குடியேற அங்கே யாருக்கும் வேலை இல்லை. இந்தத் தீவில் உலவும் ஆவி என்றால் மாளிகையில் வாழ்ந்த வெள்ளைக்காரத் துரைசானியைக் கற்பனை செய்வது எளிது. விலங்கு பூட்டிய கால்களோடு அந்தக் காட்டை வெட்டி, அந்த மாளிகைகளைக் கட்டிய கைதிகளைக் கற்பனை செய்ய வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

பேய்ப் பேச்சு ரயிலையே நிறுத்திய இடமும் உண்டு. மேற்கு வங்கத்தின் புரூலியா மாவட்டத்தில் பேகுன்கோடர் என்று ஒரு சின்ன ரயில் நிலையம். தண்டவாளத்தில் வெள்ளைச் சேலைக்காரி நடக்கிறாள், அவளைப் பார்த்த ரயில்வே ஊழியர் இறந்துவிட்டார் என்ற பேச்சு பரவி, 1967ல் நிலையம் மூடப்பட்டது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்தப் பக்கத்துக் கிராமத்து மக்களுக்கு ரயில் கிடையாது. 2009ல்தான் மறுபடி திறந்தார்கள். 2017ல் அறிவியல் இயக்கத்தினர் ஓர் இரவு முழுக்க அங்கே தங்கிப் பார்த்துப் பேய் எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். பேய்ப் பேச்சுக்கு விலை உண்டு என்பதற்கு இது கண்கூடான சான்று. அந்த விலையைக் கொடுத்தவர்கள் மூட்டை தூக்கிக்கொண்டு அடுத்த நிலையத்துக்கு நடந்த ஏழைகள்.

இவ்வளவு சொல்வதால் பேய்க்கதைகளையே ஒழிக்க வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டாம். நம் மரபில் பேய்க்கதைக்குப் பெரிய மரியாதை இருக்கிறது, அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி வந்து நியாயம் கேட்கிறாள். கொடுத்த வாக்கைக் காக்க எழுபது வேளாளர் தீயில் இறங்குகிறார்கள். நெல்லை, குமரி மாவட்டங்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதைகளும் அப்படித்தான். முத்துப்பட்டன் எந்தக் குலத்தில் பிறந்தான், யாரைக் கட்டினான், யார் கையால் இறந்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் அவனைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அகால மரணம் அடைந்தவரின் பெயர், ஊர், சாவின் காரணம் மூன்றும் இல்லாமல் அந்தப் பாட்டு நிறைவடையாது. நம் முன்னோருக்குப் பேய்க்கதை ஒரு வழக்கு. இறந்தவர் சார்பில் ஊரின் முன் வைக்கப்படும் முறையீடு.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்று விற்கப்படும் தனுஷ்கோடிக் கதைகள் தேறாது. அவற்றில் இறந்தவருக்குப் பெயர் இல்லை. சாவுக்குக் காரணம் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. பக்கத்திலேயே ராமேஸ்வரம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து அக்னி தீர்த்தத்தில் தங்கள் முன்னோரை நினைத்துத் தர்ப்பணம் கொடுக்கும் இடம். உடல் கிடைக்காமல், கொள்ளி வைக்க முடியாமல் சொந்தங்களைக் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள், "அவங்க இன்னும் அங்கேதான் இருக்காங்க" என்று சொன்னால் அது துக்கம். அதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டும். சொந்தம் எதையும் இழக்காத ஒருவர், பார்ப்பவரை அலறவைக்க அதே வாக்கியத்தைச் சொன்னால் அது வியாபாரம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

காரணத்தைத் தேடியவர்களால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. 1964ல் புயலை அன்றாடம் வானிலிருந்து தொடர்ந்து பார்க்கும் வசதி நம்மிடம் இல்லை. நாட்டின் முதல் புயல் கண்காணிப்பு ரேடார் 1970ல் விசாகப்பட்டினத்தில் வந்தது. 1983ல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் மேலே போனது. பாம்பன் பாலத்தில் காற்றுவேகமானி பொருத்தி, வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும்படி சிக்னலோடு இணைத்தார்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறி, வட இலங்கையைக் கடந்து, பாம்பனை நோக்கி வந்தது. ஏறக்குறைய 1964ன் அதே வழி. இந்த முறை பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு நேரத்தோடு ஏறியது, தனுஷ்கோடி மீனவர்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள், பாலத்தின் மேல் சிக்கிய ரயில் எதுவும் இல்லை. புரெவி 1964 புயல் அளவுக்கு வலுவானதும் அல்ல. ஆனால் வலுவாக இருந்திருந்தாலும் மக்கள் மணலில் இருந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

ஸ்காட்லாந்தில் 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் டே பாலம் இடிந்து ஒரு பயணிகள் ரயில் ஆற்றில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கேயும் ஆண்டுதோறும் அந்த இரவில் பேய் ரயில் ஓடுவதாகக் கதை உண்டு. ஆனால் விசாரணை நடந்து, பாலத்தின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் குறை இருந்தது பதிவாகி, அதே பொறியாளர் ஃபோர்த் ஆற்றுக்குத் தீட்டியிருந்த பாலத் திட்டம் கைவிடப்பட்டது. அவர்களிடம் பேய்க்கதையும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. நம்மிடமும் இரண்டும் இருக்கலாம்.

அதற்குச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. தனுஷ்கோடிக்குக் கூட்டிச் செல்லும் ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும், பேய் ரயிலைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதன் எண் 653 என்றும் அது புறப்பட்ட நேரம் 11.55 என்றும் சொல்லட்டும். பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயச் சுவரிலிருந்து நினைவுப்பொருளாகத் துண்டு பெயர்ப்பவரைத் தடுக்கட்டும். பள்ளிக்கூடங்களில் டிசம்பர் 22ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டத்திலும் அந்தமானிலும், ஒரு பாடவேளையைப் புயலுக்கு ஒதுக்கட்டும். கூண்டு எண்களுக்கு என்ன பொருள், தாழ்வு மண்டலம் எங்கே பிறக்கிறது, எச்சரிக்கை வந்தால் எங்கே போக வேண்டும் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். அங்கே வாழும் மீனவர்களின் மின்சாரம், குடிநீர், பட்டா கோரிக்கைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதட்டும். அதன் பிறகும் யாராவது பேய்க்கதை சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லட்டும். யார் இறந்தார்கள், ஏன் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே நாம் அவர்களிடம் வைக்கும் நிபந்தனை.